சீனப் பின்கள வீரர் சுன் ஜிஹாயின் ஆட்டவாழ்வை எப்படி மதிப்பிடுவது?

இளஞ்சேரல் (கேள்வி)

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று ஆடிய கால்பந்து வீரர்களைப் பற்றித் தேடிப் படித்தால் கோல் அடித்தவர்களைப் பற்றிய செய்திகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. கோலைத் தடுத்தவர்களைப் பற்றி விரிவாக எழுதுவோர் குறைவு. சீனாவின் சுன் ஜிஹாய் அப்படி விடுபட்டுப்போனவர்களில் ஒருவர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1977இல் பிறந்து, தாலியன் அணியில் வளர்ந்து, இங்கிலாந்தில் கிறிஸ்டல் பேலஸ், மான்செஸ்டர் சிட்டி, ஷெஃபீல்டு யுனைடெட் ஆகிய மூன்று அணிகளில் ஆடி, பின்னர் தாயகம் திரும்பி 39 வயதில் ஓய்வு பெற்ற பின்கள வீரர் அவர்.

அவரைப் பற்றிப் படித்தவற்றில் இரண்டு எதிரெதிரான தீர்ப்புகளே கண்ணில் படுகின்றன. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான ப்ரீமியர் லீக்கில் கோல் அடித்த முதல் சீனர், 2015இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றவர், ஆகவே அவர் முன்னோடி என்பது ஒரு தரப்பு. அவர் சராசரியான பின்கள வீரரே, சீனச் சந்தையை மனத்தில் வைத்தே மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது, புகழ்மன்ற மரியாதையும் சீன அதிபர் மான்செஸ்டருக்கு வந்த வேளையில் தரப்பட்ட அரசியல் அன்பளிப்பு என்பது மறுதரப்பு.

பெயருக்கும் பட்டத்துக்கும் அப்பால், களத்தில் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? அவருடன் ஒரே நேரத்தில் இங்கிலாந்து சென்ற ஃபான் ஜியியை விட அவர் மேலானவரா? அவருக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாகியும் இன்னொரு சீனப் பின்கள வீரர் அங்கே அவ்வளவு காலம் நிலைக்காமல் போனதற்கு என்ன காரணம்? ஆட்டத்தை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கடைசித்தடுப்பு

நீங்கள் சொன்ன இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன, நண்பரே. "முதல் சீனர்" என்ற அடைமொழியை ஒரு தரப்பு கொண்டாடுகிறது, மறுதரப்பு சந்தேகிக்கிறது. அந்த மனிதர் களத்தில் எங்கே நின்றார், எத்தனை பருவம் நின்றார் என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கவனியுங்கள். 1994இல் சீனாவில் தொழில்முறை லீக் தொடங்கிய பிறகு அதை ஆண்டது தாலியன். 1995க்கும் 1997க்கும் இடையில் லீக்கில் 55 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் ஆடிய அந்த அணியில்தான் பதின்பருவ இளைஞராக சுன் நுழைந்தார். 1996, 1997, 1998 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்ற அணி அது. அப்படிப்பட்ட அணியில் பின்களத்தில் நிற்பவர் பெரும்பாலும் எதிரணியின் பாதிக்குள்தான் ஆட வேண்டியிருக்கும். பந்தை வாங்கி முன்னேறுவதும், பறிகொடுத்த கணத்தில் திரும்பி ஓடுவதும் அங்கே பழக்கமாகிவிடும். பின்னாளில் மான்செஸ்டரில் அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கமே.

1998 செப்டம்பரில் டெர்ரி வெனபிள்ஸ் பயிற்சியாளராக இருந்த கிறிஸ்டல் பேலஸ் அவரையும் ஃபான் ஜியியையும் சேர்த்து வாங்கியது. அந்த அணி அப்போதுதான் ப்ரீமியர் லீக்கிலிருந்து இறங்கி இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. சில மாதங்களிலேயே நிதிநிலை சீர்குலைந்து, 1999 மார்ச்சில் அணி கடனில் மூழ்கி வெளியாரின் நிர்வாகத்தின் கீழ் போயிற்று. 21 வயது இளைஞர், மொழி தெரியாத ஊர், சம்பளத்துக்கே திண்டாடும் அணி. சுன் அந்தப் பருவம் முடிந்ததும் தாலியனுக்கே திரும்பினார். இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது; 2000, 2001 ஆகிய இரு ஆண்டுகளும் தாலியன் மீண்டும் பட்டம் வென்றது, தேசிய அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, இரண்டாம் முறை அவர் இங்கிலாந்து சென்றபோது 24 வயது நிரம்பிய முழு ஆட்டக்காரராகச் சென்றார்.

2002 பிப்ரவரியில் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்கு பயிற்சியாளர் கெவின் கீகன் அவரை மான்செஸ்டர் சிட்டிக்கு அழைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் சிட்டி 99 புள்ளிகளும் 108 கோல்களுமாக இரண்டாம் நிலை லீக்கின் பட்டத்தை வென்று ப்ரீமியர் லீக்குக்கு மேலேறியது. சந்தைக்காக வாங்கினார்கள் என்ற வாதம் இந்த இடத்திலேயே தள்ளாடுகிறது. கீகன் மூன்று நடுப் பின்கள வீரர்களை நிறுத்தி, இரு ஓரங்களிலும் கோட்டின் நீளம் முழுவதும் ஓடக்கூடியவர்களை வைத்து ஆடுபவர். வலது ஓரத்தில் தாக்கவும் தடுக்கவும் தெரிந்த, ஓடிச் சளைக்காத ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார், சுன் அந்த இடத்துக்குப் பொருந்தினார். அதற்கு அடுத்த பருவத்தில் சிட்டி ப்ரீமியர் லீக்கில் ஒன்பதாம் இடம் பிடித்தபோது அவர் அணியின் வழக்கமான ஆட்டக்காரர்களில் ஒருவர். 2002 அக்டோபரில் பர்மிங்காம் சிட்டிக்கு எதிராகத் தலையால் முட்டி அவர் அடித்த கோல்தான் நீங்கள் குறிப்பிடும் அந்த முதல் கோல். நிறையப் பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்கள வீரரை அவர் அடித்த கோலைக் கொண்டு நினைவில் வைப்பது விந்தையான மரியாதை.

என் கணிப்பில் அவருடைய உண்மையான மதிப்பு பல இடங்களில் ஆடும் திறனில் இருந்தது. வலது பின்களம் அவருடைய இடம். ஆனால் இடது பின்களத்தில் ஆள் இல்லையென்றால் அங்கே நிற்பார், நடுப் பின்களத்திலும் நிற்பார், நடுக்களத்திலும் ஆடுவார். இத்தகைய ஆட்டக்காரருக்கு எந்த இடமும் நிரந்தரமாகச் சொந்தமாவதில்லை. அதே காரணத்தால் பயிற்சியாளர் மாறினாலும் அவரை விட்டுவிட எவருக்கும் மனம் வருவதில்லை. கீகன், ஸ்டூவர்ட் பியர்ஸ், ஸ்வென்-யோரான் எரிக்சன் என்று மூன்று பேர் மாறிய பிறகும், ஆறு ஆண்டுகளில் 120க்கும் மேற்பட்ட ப்ரீமியர் லீக் ஆட்டங்களில் அவர் ஆடியிருக்கிறார். சட்டை விற்பதற்காக மட்டும் வாங்கப்பட்டவரை எந்தப் பயிற்சியாளரும் இத்தனை முறை களமிறக்கித் தன் வேலையைப் பணயம் வைக்கமாட்டார்.

அவருடைய ஏற்றத்தை நிறுத்தியது காயம். 2004 அக்டோபரில் முழங்காலின் குறுக்கு லிகமென்ட் கிழிந்து அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் முழுவதையும் இழந்தார். ஓரத்தில் ஓடி ஆடும் ஒருவருக்கு, அதுவும் 27 வயதில், இதைவிடக் கெட்ட காயம் வேறில்லை. நின்று திரும்புவதும் திடீரென வேகம் எடுப்பதும்தான் அந்த இடத்தின் வேலை. திரும்பி வந்தபோது அணியும் மாறத் தொடங்கியிருந்தது. சிட்டியின் சொந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த மைக்கா ரிச்சர்ட்ஸ் 2006இல் வலது பின்களத்திலிருந்தே இங்கிலாந்து தேசிய அணிவரை சென்றுவிட்டார், 2007இல் எரிக்சன் குரோவேஷியாவின் வெட்ரான் சோர்லுகாவைக் கொண்டுவந்தார். 2008 கோடையில் சுன் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் போனார். அபுதாபி உரிமையாளர்களின் பணம் சிட்டிக்குள் வந்தது அதே ஆண்டு செப்டம்பரில். இன்றைய சிட்டி ரசிகர்களில் பலருக்கு அவரைத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

நடுக்கோடு

ஃபான் ஜியி பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உச்சத்தில் யார் மேலானவர் என்றால் ஃபான் தான், அதில் எனக்கு ஐயமில்லை. 1995இல் ஷாங்காய் ஷென்ஹுவா சீன லீக்கை வென்றபோது பின்களத்துக்குப் பெயர் பெற்ற இந்த மனிதர் 15 கோல்கள் அடித்து அந்த ஆண்டின் முதன்மைக் கோலடிப்பாளராகவும் இருந்தார். சுன் திரும்பிய பிறகும் அவர் பேலஸிலேயே தங்கி, நிதி நெருக்கடிக் காலம் முழுவதையும் கடந்து, 2001 வரை ஏறத்தாழ 90 லீக் ஆட்டங்கள் ஆடி, அணித்தலைவராகவும் இருந்தார். அதே 2001இல் ஆசியாவின் சிறந்த வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் சீனர் அவரே.

ஆனால் 29ஆம் வயதை ஒட்டித்தான் ஐரோப்பாவுக்கு வந்தார். பேலஸுக்குப் பின் ஸ்காட்லாந்தின் டண்டீ, வேல்ஸின் கார்டிஃப் சிட்டி என்று முடிந்துவிட்டது, ப்ரீமியர் லீக்கில் ஒரு பருவம்கூடக் கிட்டவில்லை. சுன் போன்று இளம் வயதிலேயே வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஒரு சிறு திருத்தமும் சேர்க்க வேண்டும். இங்கிலாந்து லீக்கில் முதலில் ஆடிய சீனர்கள் இந்த இருவர் என்று பொதுவாக எழுதுகிறார்கள். சீன மக்கள் குடியரசிலிருந்து சென்றவர்கள் என்ற அளவில் அது சரி. 1960களின் தொடக்கத்திலேயே ஹாங்காங்கைச் சேர்ந்த சியுங் சி-தோய் பிளாக்பூல் அணிக்கு ஆடியிருக்கிறார்.

அரைக்களம்

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்குப் பிறகு ஏன் யாரும் நிலைக்கவில்லை? திறமை குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கதவுகள் எப்படி மூடின என்பதையும் பார்க்க வேண்டும்.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. தாலியனிலிருந்தே வந்த ஜாங் என்ஹுவா 2000–01 பருவத்தில் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி டவுன் அணிக்குத் தற்காலிகக் கடன் ஆட்டக்காரராக வந்து, தலைப்பந்துகளில் பெயர் வாங்கி, 17 ஆட்டங்களில் 3 கோல் அடித்து, அந்தச் சிறிய ஊர் ரசிகர்களின் அன்பைப் பெற்றுத் திரும்பினார். 2021இல் 48 வயதிலேயே அவர் காலமானது பெரும் இழப்பு. 2002இல் லி தியே, லி வெய்ஃபெங் இருவரும் எவர்டனுக்குச் சென்றார்கள். அந்த ஆண்டு எவர்டன் சட்டையில் இருந்த பெயர் சீனக் கைபேசி நிறுவனமான கேஜியான். நடுக்கள வீரரான லி தியே முதல் பருவத்தில் தொடர்ந்து ஆடினார், தேசிய அணிக்கு 100க்கும் மேற்பட்ட முறை ஆடிய பின்கள வீரர் லி வெய்ஃபெங்குக்கோ லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் கிடைத்தது. விளம்பரதாரர் வழியாக உள்ளே வந்தவருக்கும் பயிற்சியாளர் தேடி வாங்கியவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பேன். கடைசித்தடுப்பு சொன்னதற்கு இது மறுபக்கச் சான்று.

து வெய்யின் கதை இன்னும் கொடியது. 2006 ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளைடு என்ற சிறிய அணியிடம் ஸ்காட்லாந்தின் பெரிய அணியான செல்டிக் 1–2 என்று தோற்ற ஆட்டத்தில் அவர் முதன்முறையாகக் களமிறங்கினார், இடைவேளையில் வெளியே எடுக்கப்பட்டார், அதன்பின் அவருக்கு வாய்ப்பே வரவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் அணித்தலைவராக இருந்த ராய் கீனுக்கும் செல்டிக்கில் அதுவே முதல் ஆட்டம் என்பதால் அன்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. முன்கள வீரர் ஒருவர் முதல் ஆட்டத்தில் நான்கு வாய்ப்புகளை வீணடித்தாலும் ஐந்தாவதுக்குக் காத்திருப்பார்கள். பின்கள வீரரின் 45 நிமிடத் தடுமாற்றத்தை மன்னிப்பதில்லை. நடுப் பின்களத்தில் நிற்பவர் பேச வேண்டும், பக்கத்தில் இருப்பவரை நகர்த்த வேண்டும், கோல்காப்பாளரின் குரலை நொடியில் புரிந்துகொள்ள வேண்டும். மொழியின் சுமை அந்த இடத்தில் மற்றவற்றைவிடக் கூடுதல். ஓரத்தில் ஆடிய சுன்னுக்கு இந்தச் சுமை சற்றுக் குறைவாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது வேலை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் ஆட்டக்காரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும், அவர் தம் நாட்டின் அண்மை ஆட்டங்களில் 75 விழுக்காட்டிலாவது ஆடியிருக்க வேண்டும் என்பதே அக்காலத்து பிரிட்டிஷ் விதி. விதிவிலக்கு கேட்டு மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பெயர் தெரியாத பின்கள வீரருக்காக எந்த அணி அந்தத் தொல்லையை ஏற்கும்? சுன் சென்ற காலத்தில் சீனா அந்த எல்லைக்குள் இருந்தது. பின்னர் 100ஆம் இடத்தை ஒட்டிச் சரிந்த ஆண்டுகளில், எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் இங்கிலாந்து அணிகளின் தேடலுக்குள்ளேயே அவர் வரமாட்டார்.

எல்லாவற்றையும்விட வலுவான தடை உள்நாட்டுப் பணம். ஜாங் லின்பெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் பிறந்தவர், ஷாங்காய்க்கு அருகிலுள்ள சோங்மிங் தீவில் சூ கென்பாவ் நடத்திய பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர், வலது பின்களத்திலும் நடுவிலும் ஆடக்கூடியவர்; சுன்னுக்கு உண்மையான வாரிசு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். குவாங்சோ எவர்கிராண்ட் அவரை 1.2 கோடி யுவான் கொடுத்து வாங்கியபோது அவருக்கு 21 வயது. இத்தாலியின் லிப்பியும் பிரேசிலின் ஸ்கொலாரியும் பயிற்சியளித்த அந்த அணியில் 2013, 2015 ஆகிய இரு ஆண்டுகளில் ஆசிய சாம்பியன்ஸ் லீக், வரிசையாக லீக் பட்டங்கள் என்று அவர் வென்று குவித்தார். ஐரோப்பிய அணிகளோடு அவர் பெயர் பல முறை அடிபட்டது, போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு அணியின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. சீன லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அந்தச் சில இடங்களை அணிகள் பெரும்பாலும் கோல் அடிக்கும் பிரேசில்காரர்களுக்கே ஒதுக்கின. ஆகவே பின்களத்தில் உள்நாட்டு ஆட்டக்காரரின் இடம் ஏறக்குறைய உறுதி, விலையோ விண்ணைத் தொட்டது. உறுதியான இடமும் பெரும் ஊதியமும் இருக்கும்போது, பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ பாதி ஊதியத்துக்குப் போய் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்கார யார்தான் துணிவார்? 2020 இறுதியில் உள்நாட்டு வீரர்களின் ஆண்டு ஊதியத்துக்கு 50 லட்சம் யுவான் என்று உச்சவரம்பு விதித்தபோது அந்தத் தலைமுறைக்கு 30 வயது கடந்திருந்தது. குவாங்சோ அணியே 2025 ஜனவரியில் கலைந்து போயிற்று.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. இப்போது சீனத் தேசிய அணியின் பின்களத்தில் ஆடும் ஜியாங் குவாங்தாய், லிவர்பூலில் டையஸ் பிரவுனிங் என்ற பெயரில் பிறந்து, எவர்டன் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து, 2019இல் எவர்கிராண்டுக்குச் சென்று சீனக் குடியுரிமை பெற்றவர். போக்குவரத்துத் திசை மாறிவிட்டது.

இளஞ்சேரல்

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு விளக்கங்கள் வேண்டும். தாயகம் திரும்பிய பிறகு சுன் எட்டு ஆண்டுகள் ஆடியிருக்கிறார்; அதை யாரும் பொருட்படுத்துவதில்லையே, அது வெறும் ஓய்வுக்காலம்தானா? 2002 உலகக் கோப்பையில் அவர் எப்படி ஆடினார் என்றும் சொல்லுங்கள். அவருடைய ஆட்டத்தை உலகம் முழுவதும் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது ஒன்றுதானே?

கடைசித்தடுப்பு

உலகக் கோப்பை அவருக்கு அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. போரா மிலுட்டினோவிச் பயிற்சியில், 2001 அக்டோபர் 7 அன்று ஷென்யாங் நகரில் ஓமனை 1–0 என வென்று சீனா முதன்முறையாகத் தகுதி பெற்றது. 2002 ஜூன் 4 அன்று தென்கொரியாவின் குவாங்ஜுவில் கோஸ்டாரிகாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் 26ஆம் நிமிடத்திலேயே சுன் காயத்தோடு வெளியேறினார். அதே ஆட்டத்தில் ஃபானும் காயமுற்றார், அவர்கள் இருவருமே அதன்பின் களமிறங்கவில்லை. இங்கிலாந்தில் ஆடிப் பழகிய இந்த இரண்டு பின்கள வீரர்களையும் ஒரே நாளில் இழந்த அணி பிரேசிலிடம் 0–4, துருக்கியிடம் 0–3 என்று தோற்று, ஒரு கோலும் அடிக்காமல் வெளியேறியது. அவர்கள் இருந்திருந்தாலும் பிரேசிலை வென்றிருக்க முடியாது; கோஸ்டாரிகா ஆட்டத்தைப் பற்றி மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடைவேளையில் கோல் எதுவும் விழாமல் சமநிலையில் இருந்த ஆட்டம் அது.

தாயகம் திரும்பிய ஆண்டுகளை ஓய்வுக்காலம் என்று ஒதுக்காதீர்கள். 2009இல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குச் சொந்தமான செங்டு அணிக்கு வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே, அவர் வருவதற்கு முன்பு 2007இல் நடந்த ஆட்ட முடிவு மோசடிக்காக அந்த அணி கீழ்நிலைக்கு இறக்கப்பட்டது. அவர் ஷான்சி அணிக்குச் சென்றார். அந்த அணி 2012இல் குய்யாங்குக்கு இடம் பெயர்ந்து குய்சோ ரென்ஹே ஆயிற்று. 2013 இறுதியில் சீனக் கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதிச்சுற்றில் அந்த ரென்ஹே, லீக்கையும் ஆசியப் பட்டத்தையும் அப்போதுதான் வென்றிருந்த குவாங்சோவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 3–2 என வீழ்த்தியது. அரைக்களம் சொன்ன ஜாங் லின்பெங்கின் அணிக்கு மூன்றாவது கோப்பையை மறுத்த அணியில் 36 வயது சுன் ஜிஹாய் இருந்தார். பின்னர் சோங்சிங், பெய்ஜிங் ரென்ஹே என்று ஆடி 2016இல் நிறுத்திக்கொண்டார்.

புகழ்மன்றம் பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. 2015 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மான்செஸ்டர் வந்த நாளிலேயே அந்த அறிவிப்பும் வந்தது, ஆகவே அரசியல் இல்லை என்று வாதிடுவது வீண். அந்த மன்றத்தில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டால், ஆட்டத்திறனை மட்டும் அளவுகோலாகக் கொண்டு சுன்னுக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. ப்ரீமியர் லீக்கில் ஆறு ஆண்டுகள் தம் இடத்தைத் தாமே சம்பாதித்துக்கொண்ட, பல இடங்களில் ஆடத்தக்க, நம்பகமான பின்கள வீரர் என்பதே அவருக்குப் பொருத்தமான மதிப்பீடு. அந்த மதிப்பீட்டுக்குப் புகழ்மன்றத்தின் சான்றிதழ் தேவையில்லை, அந்த விழாவை வைத்து அவரைச் சிறுமைப்படுத்தவும் நியாயமில்லை.

நடுக்கோடு

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2003 ஜனவரி 1 அன்று எவர்டனும் சிட்டியும் 2–2 என்று சமன் செய்த ஆட்டத்தில் ஒரு பக்கம் லி தியே, மறுபக்கம் சுன். சீனாவில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்று அப்போது எழுதினார்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தொலைக்காட்சிக் கணக்குகள் எப்போதும் சற்று உப்பிப்போனவை. ஆனால் அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பாருங்கள், பந்து இல்லாத வேளையில் சுன் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் 20 நிமிடம் தொடர்ந்து கவனியுங்கள். உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் எல்லோரையும்விட அது தெளிவாக விடை சொல்லும்.